கடைசியாச் சாப்புடுறவ பேசுறேன்

(திருவாரூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் நடந்த மாணவர் பயிற்சி முகாமின் இரண்டாம் நாள் காலை, மதியச் சமையல் தொடங்குமுன் பேசியது. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இருபத்திமூணு வருஷமா நான் முகாம்களுக்கு வந்துக்கிட்டு இருக்கேன். எல்லா முகாமிலயும் எனக்கு ஒரே எடம்தான். பந்தலுக்குப் பின்னால, அடுப்புகிட்ட. மைக்குல நிலத்தைப் பத்திப் பேசுவாங்க, சாதி ஒழிப்பைப் பத்திப் பேசுவாங்க. கரண்டிச் சத்தத்துல எனக்குப் பாதி கேக்கும், பாதி கேக்காது. நேத்து ராத்திரி பொறுப்பாளர் தோழர் வந்து, "அக்கா, நாளைக்குக் காலையில நீங்க பேசணும். உணவும் தலித் அரசியலும்னு தலைப்பு" அப்படின்னாரு. "பேசுறேன் தோழர். நான் பேசுற நேரத்துல யாரு சமைப்பா?"ன்னு கேட்டேன். அவரு தலையைச் சொறிஞ்சாரு. அதனாலதான் இந்தப் பேச்சை அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருக்கோம். பேசி முடிச்சதும் எல்லாருமா சேர்ந்து சமைக்கப் போறோம்.

இன்னைக்கு என்ன சமையல்னு முதல்ல சொல்லிடுறேன். நாப்பது பேரு இருக்கோம். கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் சுத்தம் பண்ணி 8 கிலோ வரும். கத்திரிக்காய் 3 கிலோ, முருங்கைக்காய் ரெண்டரை கிலோ, மாங்காய் ஒரு கிலோ. இது மூணும் குழம்புக்கு. பொரியலுக்கு அவரைக்காய் 3 கிலோ. அப்புறம் ரெண்டு பேரு ஒடிச்சுட்டு வந்திருக்கிற முருங்கைக்கீரை. புழுங்கல் அரிசி 4 கிலோ. "நாப்பது பேருக்கு நாலு கிலோ அரிசி எப்படிக்கா பத்தும்?"னு ஒரு தம்பி காலையிலயே கேட்டாரு. அதுக்குப் பதில் என் பேச்சு முடியறப்ப கெடைக்கும்.

இந்த மீனு எங்கேருந்து வந்துச்சு? இதே ஊர்க் குளத்துலேருந்து. வலை இழுத்தது யாரு? இந்தத் தெரு ஆளுங்க நாலு பேரு, கூலிக்கு. காசு குடுத்து வாங்கினது யார்கிட்ட? குளத்தை ஏலம் எடுத்தவருகிட்ட. நம்ம ஆளு இடுப்பளவு சேத்துல நின்னு புடிச்ச மீனை, கரையில நின்னவருகிட்ட நாம வெலைக்கு வாங்கியிருக்கோம். இதை மனசுல வச்சுக்கிட்டு மத்ததைக் கேளுங்க.

மாட்டுக்கறியைப் பத்தி நம்ம இயக்கம் நெறையப் பேசியிருக்கு, எழுதியிருக்கு. பேச வேண்டியதுதான். மீனைப் பத்தி நாம அவ்வளவா பேசினதில்லை. ஏன்னா மீனை ஊர்க்காரங்களும் திங்கிறாங்க. அதுல தீட்டு இல்லைன்னு நெனச்சுட்டோம். ஆனா மீனுக்குள்ளேயும் சாதி இருந்துச்சு. எங்க அம்மா பண்ணையில நடவு நட்ட ஆளு. வயல்ல விரால் மாட்டுச்சுன்னா அது பண்ணை வீட்டுக்குப் போகும். கெளுத்தி, கொறவை, அயிரை, வயல் நண்டு, நத்தை – இதெல்லாம் சேரிக்கு. விரால் மீனு அந்தஸ்து, நத்தை கேவலம். அதே தண்ணி, அதே சேறு. மீனு பெருசா சிறுசான்னு பாத்து யாரு திங்கணும்னு முடிவு பண்ணினதும் சாதிதான்.

ஆனா ஒண்ணு சொல்றேன். கேவலம்னு ஒதுக்கிக் குடுத்தது இருக்கே, அதுலதான் சத்து இருந்துச்சு. சின்ன மீனை முள்ளோட மென்னு திங்கிறோம். அந்த முள்ளுல சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் மீன் சதையில 15 கிராமுலேருந்து 20 கிராம் வரைக்கும் புரதம் இருக்கு. வரப்போரத்துக் கீரையைக் கிள்ளி, வேலியில முருங்கையை ஒடிச்சு, கொல்லையில நாலு கத்திரிச் செடியை வச்சு எங்க அம்மா ஆக்கின சாப்பாட்டை இன்னைக்கு ஒரு டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தா, இதையே சாப்பிடுங்கம்பாரு. எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அப்புறம் அந்தச் சாப்பாடு எங்கே போச்சு?

1960-61ல் தஞ்சாவூர் ஜில்லாவுக்குத் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. அதன் பின்னாலேயே புது நெல்லும் உப்பு உரமும் பூச்சி மருந்தும் வந்தன. விளைச்சல் கூடியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளைச்சலில் நிலம் இல்லாதவர்களுக்கு என்ன பங்கு? அந்தக் காலத்தில் எண்ட்ரின் என்று ஒரு மருந்து. மீனுக்கு அது கடும் விஷம். மருந்தடிச்ச வயல்லேருந்து தண்ணி வடிஞ்சா வாய்க்கால்ல மீனு வெள்ளை வெள்ளையா மிதக்கும்னு அம்மா சொல்லும். நிலவுடைமையாளருக்கு நெல் கூடியபோது, கூலிக்காரியின் சட்டியில் இருந்த மீன் குறைந்தது. இந்தக் கணக்கை எந்த விளைச்சல் புள்ளிவிவரத்திலும் எழுத மாட்டார்கள். வயல் மீனுக்கு விலைச்சீட்டு இல்லை பாருங்கள்.

நெல்லுக்காவது நியாயமாகக் கூலி கிடைத்ததா? கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். நாம் சாப்பிடும் சோற்றைப் பற்றிப் பேசும்போது அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

குளத்துக்கு வருவோம். புதுத்தண்ணி வர்றப்ப மீனு எதிர் ஏறி வரும். ஊத்தாவை வச்சுக்கிட்டு புள்ளைங்க எல்லாம் ஓடுவோம். வாய்க்கால்ல புடிச்சா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குளத்துல எறங்கினா ஏலம் எடுத்தவரு ஆளு தடியோட வருவான். எனக்கு ஒம்பது வயசுல கையிலேருந்து ஊத்தாவைப் புடுங்கி மிதிச்சு ஒடச்சான். ஊத்தா மூங்கில் பத்தையில கட்டினது. எங்க தாத்தா நாலு நாள் ஒக்காந்து கட்டினது. மீனுக்காக நான் அழுவலை, ஊத்தாவுக்காக அழுதேன்.

குளம் பொதுச்சொத்து என்று சட்டம் சொல்லும். இறங்கப் போனால்தான் அது யாருடையது என்று தெரியும். 1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேப் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அடுத்து நடந்ததைச் சொல்வதில்லை. மாநாட்டுப் பந்தலுக்குள் சாதி இந்துக்கள் தடியோடு புகுந்தார்கள். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் அடித்தார்கள். சோற்றை மண்ணில் கொட்டினார்கள். பாத்திரங்களை உடைத்தார்கள். தண்ணீரைத் தொட்டதற்கு, சோற்றின் மேல் பாய்ந்தார்கள். நான் அடுப்புகிட்ட நிக்கிறவ. அதனால அந்தப் பாத்திரங்கள் எனக்குத் தோணும். அன்னைக்கு அந்தச் சோத்தை யாரு ஆக்கியிருப்பாங்க, அவங்க அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பாங்கன்னு தோணும்.

பள்ளிக்கூடத்துக்கு மீன் குழம்புச் சோத்தைத் தூக்குவாளியில கொண்டு போனேன். "நாத்தம் அடிக்குது, வெளியே போய்த் தின்னு"ன்னு சொன்னாங்க. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணும் மீன் திங்கிற வீட்டுப் பொண்ணுதான். அவ தூக்கு நாறலை, ஏந் தூக்கு நாறுச்சு. நாத்தம் மீனுல இல்லைங்கிறது அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு.

தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த சமையல் புத்தகம் 1951ல் வந்த 'சமைத்துப் பார்'. அதில் மீன் கிடையாது; முழுக்கச் சைவம். எழுதியவர் தன் வீட்டுச் சமையலை எழுதினார், அது அவருடைய உரிமை. ஆனால் அதுவே 'தமிழ்நாட்டுச் சமையல்' என்று ஆனபோது நம் அடுப்பு எங்கே போயிற்று? எழுதப்படாத சமையல், சமையல் இல்லை என்று ஆக்கப்பட்டது. மராத்தியில் ஷாகு பாட்டோளே 2015ல் மராத்வாடா தலித் சமையலை நூலாகவே எழுதினார். தங்கச்சிகளா, உங்க அம்மாகிட்டயும் ஆயாகிட்டயும் கேட்டு எழுதுங்க. அதுவும் வரலாறுதான்.

இதுவரைக்கும் நான் சொன்னதுக்கெல்லாம் கை தட்டினீங்க. இனிமே சொல்லப் போறதுக்குத் தட்டுவீங்களான்னு தெரியலை.

என் மக ஒம்பதாவது படிக்கிறப்ப பள்ளிக்கூடத்துல ரத்தம் பாத்தாங்க. ஹீமோகுளோபின் 7.8. பன்னெண்டாவது இருக்கணும். நர்சம்மா என்னைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு மீனு, கீரை, காய்கறி நல்லாக் குடுங்க"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. "வாரத்துல ரெண்டு நாளு மீன் குழம்பு வக்கிறேன்மா. நாங்க ஒண்ணும் சோத்துக்கில்லாதவங்க இல்லை"ன்னு சண்டை போட்டுட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அன்னைக்கு ராத்திரி பரிமாறுறப்பதான் என் கையையே நான் பாத்தேன். வீட்டுக்காரருக்கு நடுத்துண்டு ரெண்டு. மகனுக்கு ரெண்டு, வளர்ற புள்ளை. மகளுக்கு ஒரு வால் துண்டு, கத்திரிக்காய், குழம்பு. எனக்குச் சட்டிச்சோறு. குழம்புச்சட்டியில சோத்தைப் போட்டுப் பெரட்டித் திங்கிறது எவ்வளவு ருசின்னு நாம எல்லாரும் சொல்லுவோம். ருசிதான். அதுல மீனு இல்லை. எங்க அம்மாவும் சட்டிச்சோறு தின்னுச்சு, அது அம்மாவும் அப்படித்தான் தின்னிருக்கும். என் மகளைச் சட்டிச்சோத்துக்கு நான் பழக்கிக்கிட்டு இருந்திருக்கேன். அதை எந்தப் பண்ணையாரும் வந்து செய்யலை. கரண்டி என் கையிலதான் இருந்துச்சு.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21ல் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 57. எல்லாச் சாதிப் பெண்களையும் சேர்த்த கணக்கு இது. நிலமில்லாத, வெயிலில் குனிந்து நடவு நடுகிற பெண்ணின் கதை என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சத்தான சாப்பாடு எது என்று நம் பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து, ஆக்கி, பரிமாறி, மிச்சத்தைத் தின்கிறார்கள். குளத்தில் நம்மை இறங்கவிடாதவனிடம் உரிமை கேட்கிறோம். வீட்டுச் சட்டியில் பங்கு கேட்கிற பெண்ணுக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? வெளியே கேட்கிற நியாயத்தை உள்ளே கொடுக்காவிட்டால் நம் விடுதலை அரைகுறைதான்.

சமபந்தி விருந்து போட்டால் சாதி போய்விடும் என்றார்கள். 1936ல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர், சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி சாகாது என்று தெளிவாகச் சொன்னார். அந்த உரையைப் பேசவே அவர்கள் விடவில்லை, அச்சில்தான் வந்தது. அவர் சொன்னதுதான் நடந்துகொண்டிருக்கிறது. 2018ல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவையே மாற்றல் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் திரும்ப அங்கேயே வேலை கிடைத்தது. நம் பெண்ணின் கை பட்டால் தீட்டு என்று ஊர் சொல்கிறது. அந்தக் கை சமைப்பதற்குத்தான் என்று நாம் சொல்கிறோம். ரெண்டையும் மாத்தணும்.

சரி, இப்ப வேலைக்கு வருவோம். ஆம்பளைத் தோழர்கள் நல்லாக் கேட்டுக்கங்க. நீங்கதான் செய்யப் போறீங்க. நான் உக்காந்து சொல்லுவேன்.

முதல்ல கெளுத்தி. செவுளுக்குப் பக்கத்துல ரெண்டு முள்ளு, முதுகுல ஒண்ணு. குத்துச்சுன்னா ராத்திரி வரைக்கும் கடுக்கும். அந்த முள்ளுகளை முதல்ல ஒடச்சுடுங்க. வழவழன்னு நழுவும், அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கிட்டுப் புடிங்க. ஜிலேபிக் கெண்டைக்குச் செதில் தடிப்பு. வாலுலேருந்து தலைப் பக்கமா சொரண்டணும். 1952ல வெளிநாட்டுலேருந்து நம்ம தண்ணிக்குக் கொண்டாந்து விட்ட மீனு அது. இன்னைக்கு ஏழைக்குக் கட்டுப்படியாகிற மீனும் அதுதான். வயித்தைக் கீறிக் குடலை எடுத்துட்டு, உள்ள கறுப்பா ஒரு சவ்வு இருக்கும், அதையும் உரிச்சுடுங்க. இல்லேன்னா மண்வாடை அடிக்கும். கல்லுல உரசி, உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணியில கழுவுங்க.

குழம்புக்கு நல்லெண்ணெய் 400 மில்லி போதும். ஆளுக்கு ரெண்டு டீஸ்பூன். எண்ணெய் மெதந்தாதான் மீன் குழம்புங்கிறது கடைக்காரன் பழக்கம். காஞ்ச எண்ணெயில வெந்தயம் போட்டு, கருகறதுக்கு முன்னாடி கருவேப்பிலை, சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ. அது வதங்கினதும் தக்காளி 2 கிலோ கரையுற வரைக்கும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், அதைப்போல ரெண்டு பங்கு மல்லித்தூள். அப்புறம் புளிக்கரைசல். மாங்காய் போடப் போறோம், அதனால புளியைக் கொறச்சுக்கங்க. உப்பு அளவாப் போடுங்க. நம்ம தெருவுல ரத்தக்கொதிப்பு இல்லாத வீடு இல்லை.

புளி கொதிக்கிறப்ப முருங்கைக்காய் போடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கத்திரிக்காய். பச்சை வாசனை போயி, காய் முக்காவாசி வெந்து, குழம்பு திட்டமா வந்தப்புறம்தான் மாங்காயும் மீனும். மீன் போட்டுப் பத்து நிமிஷத்துக்கு மேல அடுப்புல வேண்டாம். கரண்டியை உள்ள விட்டுக் கிண்டாதீங்க, ஒடஞ்சுடும். துணியால சட்டியைப் புடிச்சு அப்படியே சுத்தி விடுங்க. எறக்கி அரை மணி நேரம் மூடி வச்சாதான் மீனுல புளி எறங்கும். அதுவரைக்கும் பொறுக்கணும்.

அவரைக்காயைத் தண்ணி தெளிச்சு மூடி வேகவைங்க. கீரையைக் கடைசியா, பூண்டு தட்டிப் போட்டு ரெண்டு கெளறு கெளறி எறக்கிடுங்க. கீரையில இருக்கிற இரும்புச் சத்தை ஒடம்பு லேசுல எடுத்துக்காது. கூட மீனும் புளிப்பான மாங்காயும் இருந்தா நல்லா எடுத்துக்கும். கீரை, மீனு, மாங்காய் மூணையும் ஒரே சோத்துல வச்ச நம்ம ஆயாக்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. பழக்கம் தெரியும்.

இப்ப அரிசி. நம்ம சாப்பாட்டுல பெரிய கொறை இதுதான். தட்டு நெறையச் சோறு, ஓரத்துல தொட்டுக்க. வேற வழியில்லாம வந்த பழக்கம் அது. கூலியா நெல்லுதான் அளந்தாங்க, வயித்தை நெல்லாலதான் நெரப்பணும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருநாள் சக்தியில் தானியத்திலிருந்து வருவது 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். அதனாலதான் ஆளுக்கு 100 கிராம் அரிசி. பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு மீனு, கால் தட்டு சோறு. புழுங்கல் அரிசியை விடாதீங்க. நெல்லை அவிக்கிறப்ப தவிட்டுச் சத்துல கொஞ்சம் அரிசிக்குள்ள எறங்கிடுது. வடிச்ச கஞ்சியைக் கொட்டாதீங்க, உப்புப் போட்டுக் குடிக்கலாம். இந்தச் சாப்பாடு பத்தலைன்னு இன்னைக்கு யாராவது சொன்னா, காய் இருக்கும், கூடப் போட்டுக்கங்க.

"தினம் மீனுக்கு எங்கேக்கா போறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் இது சமையல் வகுப்பு மட்டும் இல்லை. இந்த முகாம் முடிஞ்சு போறப்ப உங்க ஊர்க் குளம் யாரு பேருல இருக்கு, ஏலம் எப்ப, எவ்வளவுக்குப் போகுது, நம்ம தெருப் பெண்கள் குழுவா சேர்ந்து கேட்க முடியுமான்னு விசாரிச்சுட்டு வாங்க. தகவல் உரிமைச் சட்டம் 2005லேருந்து இருக்கு. ஒரு மனு எழுதுங்க. விடுதியில இருக்கிற மாணவர்கள், சாப்பாட்டுப் பட்டியல்ல என்ன போட்டிருக்கு, தட்டுல என்ன விழுதுன்னு ஒரு மாசம் நோட்டுல எழுதுங்க. கல்யாணம் ஆன தோழர்கள் உங்க வீட்டுல யாரு கடைசியாச் சாப்புடுறாங்கன்னு பாருங்க. பாத்துட்டுச் சும்மா இருக்காதீங்க.

என் மகளுக்கு அடுத்த வருஷம் ஹீமோகுளோபின் 11.2 வந்துச்சு. மாத்திரையும் குடுத்தாங்க, மறைக்கலை. ஆனா வீட்டுல ஒரு வழக்கத்தை மாத்தினோம். மீனை எண்ணிப் பங்கு வச்சுட்டுத்தான் அடுப்பை விட்டு எறக்குறது. நாலு பேரு, நாலு பங்கு, ஒண்ணா உக்காந்து. வீட்டுக்காரரு மொத ரெண்டு வாரம் ஒண்ணும் பேசலை. மூணாவது வாரம் அவரே எண்ணினாரு. எனக்கு வந்த துண்டை முதல் தடவை சூடாத் தின்னப்ப கூச்சமா இருந்துச்சு. ஏன் கூச்சமா இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

பேசினது போதும். மீன் கழுவ ஆறு பேரு வேணும், வெங்காயம் உரிக்க அஞ்சு பேரு. கைதூக்குங்க. தங்கச்சிகளா, நீங்க தூக்க வேண்டாம், உக்காருங்க. இன்னைக்கு முதல் பந்தி நாமதான்.